மழையும் மலைநடையும்

மழை என்னும் சொல்லுக்கு வானினின்று வீழும் நீர் என்பது மட்டும் பொருளன்று. முகில் என்ற பொருளும் நம் பழைய நூல்களில் உண்டு. சமவெளியில் வாழும் நமக்கு இவ்விரண்டும் வெவ்வேறாகத் தோன்றும். முகில் மேலே நிற்கும். நீர் கீழே வரும். நாம் திண்ணையில் அமர்ந்து இரண்டையும் கண்டு மகிழ்வோம். மலைமேல் நடப்பவனுக்கோ அவ்வேறுபாடு இல்லை. அவன் முகிலின் உள்ளேயே நடக்கின்றான். அங்கே நீர் மேலிருந்து மட்டும் வீழ்வதில்லை; பக்கத்திலிருந்தும் வருகின்றது; காற்று சரிவில் ஏறுமிடத்துக் கீழிருந்து மேல்நோக்கியும் வருகின்றது. குடை பிடித்தவன் குடையோடு போராடுவானேயன்றி மழைக்குத் தப்பான்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பால் விற்கும் இடையன் ஒருவன் பனையோலைப் பாயை முதுகில் இட்டுக்கொண்டு, சாரல் தன் உடம்பின் ஒரு புறத்தை நனைக்க, கோலூன்றி நிற்கும் காட்சி நற்றிணையில் வருகின்றது. அவ்வோலைப் பாய்க்குப் பறி என்பது பெயர். ஒருபுறம் நனைந்தது என்று புலவர் கூறியதை இளமையில் யான் வெறும் அழகாகவே படித்தேன். மலையில் ஒருநாள் நனைந்த பின்னர்த்தான், அஃது அழகு மட்டுமன்று, கண்டு கூறிய உண்மையும் ஆகும் என்பது விளங்கிற்று. முதுகில் இடும் பாய் முதுகைக் காக்கும். காற்று திரும்பினால் விலாவைக் காவாது. உழவர் பெருமக்கள் சாக்கினை ஒரு மூலையில் உள்மடித்துத் தலையிலிருந்து தொங்கவிடும் கொங்காணியும், ஆயர் போர்க்கும் கம்பளியும் அப்பறியின் வழியில் வந்தவையே.

யான் நனைந்த கதையைக் கூறுகின்றேன். 1990ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள். அக்காலத்தில் யான் இளம் தமிழாசிரியன். மாணவர் இருபதின்மரை அழைத்துக்கொண்டு கொடைக்கானல் மலையில், பூம்பாறைப் பக்கத்தில், ஒருநாள் நடைப்பயணம் மேற்கொண்டேன். காலையில் வெயில் எறித்தது. எல்லாரும் பருத்திச் சட்டை அணிந்திருந்தனர். சிலரிடம் கடைத்தெருவில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக்குக் கோட்டுகள் இருந்தன. என்னிடமும் அத்தகையது ஒன்று இருந்தது. நண்பகலுக்குப் பின் முகில் இறங்கிற்று. காற்றும் மழையும் ஒருங்கே வந்தன. உண்ணிச்செடிப் புதரைக் கடப்பதற்குள் பாதிக் கோட்டுகள் கிழிந்து கந்தலாயின. என் கோட்டுக் கிழியவில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்தில் உள்ளே அணிந்த சட்டையைப் பிழிந்தால் நீர் வடியும் நிலை உண்டாயிற்று. வெளியிலிருந்து ஒரு துளியும் புகவில்லை. அவ்வளவும் என் வியர்வை!

அக்கூட்டத்தில் ஒரு மாணவன் பின்தங்கிப் பின்தங்கி வந்தான். முதலில் நடுங்கினான், பின்னர்க் கால் இடறிற்று, சொற்கள் குழறின. "தூக்கம் வருகின்றது, ஐயா, சற்றே உட்காருகின்றேன்" என்றான். சோம்பல் என்று எண்ணி அவனைக் கடிந்தேன். அக்கடுஞ்சொல்லை இன்று நினைப்பினும் நெஞ்சு சுடுகின்றது. அவ்வழியே கம்பளி போர்த்து வந்த பூண்டு வேளாளர் ஒருவர் அவன் முகத்தை உற்று நோக்கினார். "ஐயா, பையன் விறைத்துக் கொண்டிருக்கிறான். திட்டாதீர்கள், ஈரத் துணியைக் கழற்றுங்கள்" என்று கூறி, அவனைத் தம் தோளில் தாங்கித் தம் குடிலுக்குக் கொண்டு சென்றார். கூரையின்கீழ் மலைப்பூண்டுக் கொத்துகள் தொங்க, அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. ஈர உடை களைந்து, உலர்ந்த வேட்டி சுற்றிக் கம்பளி போர்த்தி, வெல்லம் இட்ட வெந்நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். ஒரு மணி நேரம் சென்றபின் அவன் என்னை அடையாளம் கண்டு சிரித்தான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவனுக்கு நேர்ந்தது சோம்பலன்று. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழ்த் தாழும்போது மூளையும் தசையும் தம் தொழிலில் தளர்கின்றன. அந்நிலையில் நடுக்கம் நின்றுவிடுமாயின், அது நலம் பெற்றதற்கு அறிகுறியன்று. உடல் தோற்றதற்கு அறிகுறியாகும். இதற்குப் பனிமலை வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே பீக் மாவட்டம் என்னும் மேட்டுநிலம் உண்டு. அதன் மிக உயர்ந்த மேடும் 636 மீட்டரே. நம் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். அந்த மேட்டுநிலத்தில் நான்கு விடுதிகளை இணைத்து, அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைச் சாரண இளைஞர் நடந்து கடக்கும் போட்டி ஒன்று நடைபெறும். 1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14, 15ஆம் நாள்களில் நடந்த போட்டியின்போது குளிர்மழையும் பலத்த காற்றும் சேர்ந்து வந்தன. வலிமை மிக்க இளைஞர் மூவர் மாண்டனர். கிரிபித்துப் பியூ என்னும் உடலியல் அறிஞர் அதன் காரணத்தை ஆராய்ந்தார். 1953இல் எவரெஸ்டு ஏறிய குழுவுடன் சென்றவர் அவர். நனைந்த உடை காற்றில் தன் காப்பின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது என்பதும், களைத்தவன் நடை தளர்ந்தால் உடலில் பிறக்கும் வெப்பமும் குறைந்து விரைவில் வீழ்வான் என்பதும் அவர் ஆய்வில் தெளிவாயின.

உடை நம்மை எவ்வாறு காக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். நூலிழை வெப்பம் தருவதில்லை. இழைகளுக்கு இடையே அசையாது தங்கும் காற்றே வெப்பத்தை வெளியே விடாது தடுக்கின்றது. துணி நனையும்போது அக்காற்றின் இடத்தை நீர் பற்றிக்கொள்கின்றது. காற்றை நோக்க, நீர் ஏறத்தாழ 24 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்தும். அம்மட்டோ? ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராம் நீர் நம் தோலின்மேல் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அவ்வளவையும் நம் உடலே கொடுத்தாக வேண்டும். கோடையில் ஈரத்துணி போர்த்த பானை நீர் குளிர்வது எதனாலோ, அதனாலேயே மலையில் ஈரச்சட்டை அணிந்த பிள்ளையும் குளிர்கின்றான். ஈரம் என்னும் சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் உண்டு. நெஞ்சில் இருக்க வேண்டிய ஈரம் முதுகில் இருத்தல் தகாது.

எனவே, மலைநடைக்கு உரிய உடைக்கு இரண்டு கடமைகள் உள்ளன. புறத்து நீரை உள்ளே விடுதல் கூடாது. அகத்து வியர்வையை வெளியே விடுதல் வேண்டும். ஒன்றோடொன்று மாறுபடும் இவ்விரண்டையும் ஒரே துணி செய்ய வேண்டும் என்பதே மாந்தர் இருநூறு ஆண்டுகளாக அவிழ்க்க முயன்ற முடிச்சு.

முதற் கடமையை நிறைவேற்றியவர் கிளாசுகோ நகரத்து வேதியியலார் சார்லசு மாக்கின்டாசு என்பவர். நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயு எடுத்தபோது கழிவாக எஞ்சிய தாரினின்று நாப்தா என்னும் நீர்மம் கிடைத்தது. அதில் இரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, 1823இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நீர் புகவில்லை. ஆனால் குளிரில் அத்துணி பலகைபோல் விறைத்தது. வெயிலில் பாகுபோல் ஒட்டியது. நாற்றமும் தாங்க முடியாததாயிற்று. தையற்காரர் ஊசியால் குத்திய துளைகள் வழியே மழை புகுந்ததும் உண்டு. அமெரிக்கராகிய குட்இயரும் ஆங்கிலேயராகிய ஆன்காக்கும் இரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையை 1840களில் நிலைநாட்டிய பின்னரே ஒட்டலும் விறைப்பும் நீங்கின. ஆங்கிலேயர் இன்றும் மழைக்கோட்டை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். ஆயின் அவர் பெயரில் இல்லாத ஒரு ககர மெய்யை இடையில் மிகுவித்து எழுதுகின்றனர். வல்லெழுத்து மிகுதல் தமிழுக்கே உரியது என்று எண்ணியிருந்த எனக்கு இஃது ஒரு வியப்பு.

வியர்வை வெளியேற வழியில்லை என்னும் குறை மட்டும் நின்றுவிட்டது. அதற்கு வேறு வழி தேடியவர் தாமசு பர்பெரி. அவர் துணியின்மேல் பூசவில்லை. நூலையே முதலில் நீர் ஒட்டாதவாறு பதப்படுத்திப் பின்னர் நெருக்கமாக நெய்தார். கபர்தீன் எனப்படும் அத்துணிக்கு 1888இல் பட்டயம் கிடைத்தது. 1924இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரி அணிந்த மேலாடை அத்துணியே. 1999இல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாகிய அடுக்குகளோடு அதன் எச்சமும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது மான்செசுடரில் உருவாக்கிய வெந்தைல் என்னும் துணி இன்னும் நுட்பமானது. நீண்ட இழையுள்ள பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது அது. குளிர்கடலில் வீழும் வானூர்தி வீரரைக் காப்பதற்காக அதனைச் செய்தனர். உலர்ந்திருக்கும்போது காற்று அதனூடே செல்லும். நனைந்தவுடன் இழைகள் பருத்துத் துளைகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். பருத்தியின் குறையையே அதன் குணமாக்கிய அறிவை என்னென்று புகழ்வது!

இக்காலத்து மழைக்கோட்டுகளில் பலவற்றுக்கு வேர் 1969இல் நிகழ்ந்த ஒரு செயலில் உள்ளது. சமையற் பாத்திரத்தில் ஒட்டாமைக்காகப் பூசும் டெப்லான் என்னும் பொருளைப் பாப் கோர் என்னும் அமெரிக்கர் சூடாக்கி நீட்ட முயன்றார். மெல்ல மெல்ல இழுத்தபோதெல்லாம் அஃது அறுந்தது. சலிப்புற்று ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார்; அறுபடாமல் பன்மடங்கு நீண்டது! அவ்வாறு நீண்ட பொருளில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாயின. அத்துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி செல்லும் அளவுக்குப் பெரியவை. அம்மென்படலத்தை நைலான் துணியோடு ஒட்டியதே கோர்டெக்சு. பாலியூரித்தேன் முதலிய பிற பொருள்களாலும் அத்தகைய படலங்களை இன்று செய்கின்றனர்.

இனி, கடைக்குச் செல்வோம். மழையங்கி என்று எழுதுவோர் உளர். மக்கள் மழைக்கோட்டு என்றே வழங்குதலின் யானும் அவ்வாறே வழங்குகின்றேன். அதன் சீட்டில் நீர் எதிர்ப்பு என்றும் நீர்புகாமை என்றும் இருவகையாக எழுதியிருப்பர். முன்னது தூறலுக்கு ஆகும்; பெருமழைக்கு ஆகாது. பின்னதற்கு ஓர் எண்ணும் தந்திருப்பர். துணியை விரித்து, அதன்மேல் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, மூன்று இடங்களில் துளி அரும்பும்போது நீர்த்தூணின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்த அளவு அது. 10,000 என்றிருந்தால் பத்து மீட்டர் உயர நீரைத் தாங்கியது என்பது பொருள். வானத்து மழை அவ்வளவு அழுத்தமாக வீழ்வதில்லையே என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. அழுத்துவது மழையன்று, நம் தோட்பையின் பட்டை, ஈரப்பாறையில் உட்காரும்போது நம் உடலின் எடை ஆகியவையே அழுத்துகின்றன. ஆவி வெளியேறும் அளவுக்கும் ஓர் எண் உண்டு. அதனை ஒவ்வொருவர் ஒவ்வொரு முறையில் அளக்கின்றனர். ஆதலின் இருவேறு கடைச்சரக்குகளை அவ்வெண்ணால் ஒப்பிடுதல் முழத்தையும் சாணையும் ஒன்றாக எண்ணுவது போலாகும்.

எண்ணைப் படித்ததும் கோட்டை உள்வெளியாகப் புரட்டிப் பாருங்கள். தையல்தோறும் உட்புறம் ஒட்டுப்பட்டை ஒட்டியிருத்தல் வேண்டும். அஃது இல்லையேல், துணி எத்துணைச் சிறந்ததாயினும் மாக்கின்டாசின் தையற்காரர் செய்த பிழையே மீண்டும் நேரும். தலைமூடி நாம் தலையைத் திருப்பும்போது உடன் திரும்ப வேண்டும். தன் போக்கில் நிற்குமாயின், ஒரு கண் துணியையே பார்த்துக்கொண்டிருக்கும். பாதையோரப் பள்ளம் தெரியாது. நெற்றிமேல் சிறு விளிம்பு இருத்தல் நன்று. கண்ணாடி அணிந்தோர்க்கு அஃது இன்றியமையாதது. ஜிப்பின்மேல் மடிப்புத் துணி மூடியிருக்கிறதா, மணிக்கட்டை இறுக்க முடிகிறதா, கைகளை உயர்த்தினால் இடுப்பு வெளிப்படுகிறதா என்று அணிந்தே பார்க்க வேண்டும். அக்குளில் திறந்து மூடும் ஜிப்பு உடையதாயின் அதனையே தேர்ந்தெடுப்பேன். எந்தப் படலமும் மேட்டில் ஏறுவோனின் வியர்வை முழுவதையும் வெளிவிடாது. அத்திறப்பே உண்மையான துணை.

நெடுநாள் உழைக்குமா என்பது அடுத்த கேள்வி. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர் என்பர். 20 டெனியர்த் துணி கைக்குட்டைபோல் மடியும்; மூட்டை சுமந்து புதரில் நுழைவோர்க்கு உதவாது. 70 டெனியர் அளவினது சற்றுக் கனக்கும். ஆனால் ஆண்டுகள் பல நிற்கும். கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஊடே ஓடுமாறு நெய்தால், முள் கிழித்த கிழிசல் அக்கட்டத்தோடு நின்றுவிடும். புறத்துணி, படலம், அகத்துணி என மூன்றும் ஒன்றாக ஒட்டியது மிக நெடிது உழைப்பது, விலையும் மிகுதி. வளரும் பிள்ளைகளுக்கு அவ்விலை கொடுத்து வாங்குமாறு யான் கூறேன். அடுத்த ஆண்டு கை குட்டையாகிவிடும்.

உண்மையில், நம் நாட்டு மலைகளில் பலவற்றுக்கு அவ்விலையுயர்ந்த கோட்டு வேண்டுவதும் இல்லை. படலத்தின் வழியே ஆவி செல்வதற்கு உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குறைந்திருத்தல் வேண்டும். வால்பாறைப் பக்கத்துக் காட்டில், வெதுவெதுப்பான மழையில், வெளியும் உள்ளும் ஒரே புழுக்கமாக இருக்கும்போது எப்படலமும் செயலற்றுப் போகும். அங்கே தோட்பையையும் சேர்த்து மூடும் அகன்ற போர்வைக்கோட்டே சிறந்தது. கீழே திறந்திருத்தலால் காற்று உலவும், விலையும் எளிது. காற்றில்லாத மரநிழலில் குடையே போதும். ஆனால் உதகை, கொடைக்கானல் போன்ற உயர்ந்த புல்வெளிகளில் காற்று போர்வைக்கோட்டைத் தூக்கி முகத்தில் அடிக்கும். அங்கே உடலோடு பொருந்திய மழைக்கோட்டும், செருப்பு கழற்றாமலே ஏற்றிக்கொள்ளும் அகன்ற கால் ஜிப்புடைய மழைக் காற்சட்டையும் வேண்டும். எங்கு சென்றாலும் உள்ளே பருத்தி வேண்டா. பருத்தி நீரைக் குடித்துவிட்டு விட மறுக்கும். பாலியெஸ்டர் விரைவில் உலரும். கம்பளியிழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தோலுக்கு ஈரமாகத் தோன்றாது. பூம்பாறை வேளாளர் போர்த்திருந்தது அதுவே. பையின் அடியில் நீர் புகாத உறையில் ஒரு மாற்றுடையும் இருக்கட்டும்.

வாங்கிய கோட்டைப் பேணுவதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். புதுக்கோட்டின்மேல் வீழ்ந்த நீர், தாமரை இலைமேல் நீர்போல் உருண்டோடும். அதற்கெனப் புறத்தே ஒரு பூச்சு இட்டிருப்பர். அழுக்கும் வியர்வை எண்ணெயும் படிந்தால் அப்பூச்சு மங்கும்; புறத்துணி நீரைக் குடிக்கும். படலத்தைத் தாண்டி நீர் வந்திராது. ஆயினும் நனைந்த புறத்துணி ஆவியின் வழியை அடைத்துவிடும். உள்ளே வியர்வை தேங்கும். உடையவரோ ஒழுகுகின்றது என்று வைது அதனை எறிந்துவிடுவார். துணியை மென்மையாக்கும் நீர்மம் கலவாத சோப்பினால் துவைத்து, சீட்டில் குறித்துள்ளவாறு மிதமான வெப்பம் கொடுத்தால் பூச்சு மீண்டும் உயிர்பெறும். பெறாவிடின் புதுப்பூச்சு வாங்கி இடலாம். அப்பூச்சுகளில் நெடுங்காலம் புளோரின் சேர்ந்த சேர்மங்களைப் பயன்படுத்தினர். அவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்குகின்றன. மலைச்சுனையை நாடிச் செல்பவன் அச்சுனைக்கே நஞ்சு சேர்ப்பதா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 முதல் பெரும்பாலான ஆடைகளில் அவற்றை விலக்கியுள்ளது. அவை இல்லாத பூச்சு என்று குறித்த கோட்டுகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றை வாங்குக, சற்று அடிக்கடி துவைக்க நேரும், அவ்வளவே.

நம் நாட்டில் கோட்டின் பெரும்பகை மழையன்று. ஈரத்தோடு மடித்து வைக்கும் பழக்கமே. பாலியூரித்தேன் பூச்சு புழுக்கத்தில் நீரோடு சேர்ந்து மெல்லச் சிதையும். ஒருநாள் எடுத்துப் பார்த்தால் உட்புறம் பிசுபிசுத்துத் தோல்போல் உரியும். அதற்கு மருந்து இல்லை. பயணம் முடிந்த அன்றே நிழலில் உலர்த்திக் காற்றோட்டமுள்ள இடத்தில் தொங்கவிட வேண்டும்.

பூம்பாறைக் குடிலில் கம்பளிக்குள் சிரித்த மாணவன் இப்போது நடுவயதினன். தன் மகனோடு மலையேறச் செல்பவன். சென்ற ஐப்பசியில் அவர்கள் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவன் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். முற்றத்தில் மகனுக்கு மழைக்கோட்டு மாட்டி, உள்ளே வெளிர்நீலச் சட்டை அணிவித்து, தோட்டக் குழாயால் பத்து நிமிடம் தலைமுதல் நனைத்துக்கொண்டிருந்தான். பின்னர்க் கோட்டைக் கழற்றிச் சட்டையில் எங்கெங்கே நிறம் கறுத்திருக்கின்றது என்று இருவரும் தேடினர். இடத் தோளில் ஒரு விரற்கடை அகலம் நனைந்திருந்தது. அதற்கு நேரான தையலில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கோட்டை நிழற்கொடியில் தொங்கவிட்டான். "ஒட்டுப்பட்டை நாளைக்கு ஒட்டலாம், ஐயா, நாளை மறுநாள் மீண்டும் ஒருமுறை குழாயடி" என்றான்.